அப்டேட் போட்ட பிறகு சர்வர் விழுகிறதா? நீக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: “எங்கள் ஆபீசில் விண்டோஸ் சர்வர் 2019-இல் ஒரு டொமைன் கன்ட்ரோலர், ஒரு ஃபைல் சர்வர், அது போக உபுண்டு ஓடும் ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கின்றன. இந்த மாத அப்டேட் போட்டதிலிருந்து டொமைன் கன்ட்ரோலர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. ஃபைல் சர்வரில் நீலத்திரை வருகிறது. லினக்ஸ் சர்வர் பூட் ஆகவே இல்லை. எல்லாவற்றிலும் அப்டேட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?”

சில சமயம் சரியாகும். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே பிரச்சினை இல்லை. முதல் சர்வரில், அதாவது ஆபீஸ் லாகின்களையெல்லாம் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரில், முக்கியமான ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) செத்துப்போய், விண்டோஸே முடிவெடுத்து ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்கலாம். இரண்டாவதில் கெர்னலே, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியே, விழுகிறது. மூன்றாவதில் கெர்னல் வரைக்கும் போனதா என்பதே இன்னும் தெரியாது. ஒரே நாளில் அப்டேட் போட்டோம் என்பதைத் தவிர இந்த மூன்றுக்கும் பொதுவாக எதுவும் இல்லாமல் இருக்கலாம். அதனால் எப்படி விழுந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். எடுப்பதா வேண்டாமா என்பது அதற்கு அப்புறம்.

அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் என்று சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. விண்டோஸ் சர்வரின் மாதாந்திர அப்டேட் குமுலேட்டிவ் வகை. இந்த மாதம் வந்த மாற்றங்கள் எல்லாம் அடுத்த மாத அப்டேட்டிலும் இருக்கும். இன்று எடுத்துவிட்டால் அடுத்த மாதம் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். இடைப்பட்ட நாட்களில் பாதுகாப்பு ஓட்டைகளும் திறந்தே கிடக்கும். இரண்டாவது காரணம், ஆதாரம் போய்விடும். விண்டோஸ் டைரக்டரியில் இருக்கும் மெமரி.டிஎம்பி கோப்பு (சர்வர் விழுந்த நேரத்து மெமரியின் நகல், டம்ப் என்பது இதுதான்), அடுத்த முறை சர்வர் விழும்போது மேலெழுதப்படும். டீஃபால்ட் செட்டிங்கே அதுதான். ஆகவே முதல் வேலை, அந்தக் கோப்பையும் மினிடம்ப் ஃபோல்டரையும் சிஸ்டம் லாக்கையும் வேறு மெஷினுக்குக் காப்பி எடுத்து வைப்பது. டம்ப் கோப்பே இல்லையென்றால் சி டிரைவில் பேஜ்ஃபைல் (மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் கோப்பு) இருக்கிறதா, போதுமான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இடத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று யாராவது பேஜ்ஃபைலை எடுத்திருந்தால் டம்ப் எழுத வழியே இருக்காது.

சரி, எப்படி விழுந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாக்கைத் திறந்து நான்கு எண்களை மட்டும் ஃபில்டர் செய்யுங்கள்: 1074, 6008, 41, 1001. 1074 இருந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு ப்ராசஸ் முறைப்படி ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறது, கேட்டது யார் என்ற பெயரும் அதிலேயே இருக்கும். “தானாக ரீஸ்டார்ட் ஆகிறது” என்று வரும் புகார்களில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும். அப்டேட் சர்வீஸோ பேட்ச் மேனேஜ்மென்ட் ஏஜென்ட்டோ மீதி வேலையை முடிக்க ரீஸ்டார்ட் செய்திருக்கும். அது கிராஷே இல்லை. 6008 என்பது போன முறை சர்வர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டும்தான் சொல்லும். 1001-இல் பக்செக் (விண்டோஸ் விழும்போது பதியும் பிழை) என்று இருந்தால் நீலத்திரைதான், அந்தப் பிழையின் கோடும் டம்ப் கோப்பு இருக்கும் இடமும் அதில் எழுதியிருக்கும்.

41-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைப் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கெர்னல் பவர் என்ற பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. அதன் டீடெய்ல்ஸ் பகுதியைத் திறந்து பக்செக் கோடு என்ற வரியைப் பாருங்கள். அங்கே இருப்பது தசம எண். 209 என்று இருந்தால் அதை ஹெக்ஸாக மாற்றினால் டி1. டிரைவர் (ஹார்டுவேருக்காகவோ ஆன்டிவைரஸ் போன்றவற்றுக்காகவோ கெர்னலுக்குள் ஓடும் நிரல்) ஏதோ தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கிறது என்று பொருள். 159 என்றால் 9எஃப், டிரைவரின் பவர் நிலை சம்பந்தப்பட்ட கோளாறு. இந்த எண்ணை மாற்றாமல் அப்படியே கூகுளில் தேடிவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்பவர்கள் உண்டு. கோடு 0 என்று இருந்தால்தான் நிஜமாகவே மின்சாரம் போயிருக்கலாம், அல்லது சர்வர் உறைந்து போய் யாராவது பட்டனை அழுத்தியிருக்கலாம், வெர்ச்சுவல் மெஷினாக இருந்தால் அதை ஓட்டும் ஹோஸ்ட் கணினியே ரீசெட் செய்திருக்கலாம்.

இனி உங்கள் டொமைன் கன்ட்ரோலர். சிஸ்டம் லாக்கில் 1074 பதிவான அதே நேரத்தில் அப்ளிகேஷன் லாக்கில் 1015 இருக்கிறதா என்று தேடுங்கள். விண்இனிட் என்ற பெயரில் வரும். எல்சாஸ் என்ற முக்கியமான சிஸ்டம் ப்ராசஸ் தோற்றுவிட்டது, மெஷினை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும் என்று அதில் இருக்கும். லாகின் சரிபார்ப்பு, கெர்பரோஸ் டிக்கெட் (லாகின் ஆனவருக்குத் தரும் அனுமதிச்சீட்டு) எல்லாம் அந்த எல்சாஸ் வழியாகத்தான் போகின்றன. அது செத்தால் விண்டோஸ் தொடர்ந்து ஓடாது.

அப்டேட்டே நேரடிக் குற்றவாளியாக இருந்ததற்கு நல்ல உதாரணமும் இங்கேதான் இருக்கிறது. 2024 மார்ச் மாத அப்டேட்டில், கெர்பரோஸ் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும்போது எல்சாஸில் மெமரி லீக் (எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போவது) ஏற்பட்டது. அந்த அப்டேட்டின் எண்கள்: சர்வர் 2022-க்கு கேபி5035857, 2019-க்கு கேபி5035849, 2016-க்கு கேபி5035855. பாதிக்கப்பட்டது டொமைன் கன்ட்ரோலர்கள் மட்டும். அதே அப்டேட்டைப் போட்ட மற்ற சர்வர்கள் நன்றாகவே ஓடின. அப்டேட் போட்ட அன்று எதுவும் தெரியாது. மெமரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், லாகின் அதிகமாக நடக்கும் இடத்தில் வேகமாக ஏறும், ஒரு கட்டத்தில் எல்சாஸ் விழுந்து சர்வர் ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி முதலிலிருந்து ஏறும். உங்களுடையது இந்த வகையா என்று பார்க்க பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் எல்சாஸின் பிரைவேட் பைட்ஸை (அது எடுத்து வைத்திருக்கும் மெமரி அளவை) ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். காலை ஆபீஸ் நேரத்தில் ஏறி இரவில் இறங்கினால் அது சாதாரணம். ஏறியது இறங்கவே இல்லை என்றால் லீக். சிஸ்டம் லாக்கில் 2004 என்ற ஈவன்ட்டும் உதவும், மெமரி தீர்ந்துபோகும் நேரத்தில் அதிகமாக எடுத்துக்கொண்ட ப்ராசஸ்களின் பெயர்களை அது சொல்லிவிடும்.

அன்று சரியான தீர்வு அப்டேட்டை நீக்குவது அல்ல. மார்ச் 22 அன்று மைக்ரோசாஃப்ட் அவசர அப்டேட்களை வெளியிட ஆரம்பித்தது, 2019-க்கு மட்டும் சில நாள் தாமதம். அவை வழக்கமான விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானாக வந்து இறங்கவில்லை. அப்டேட் கேட்டலாகில் போய்த் தேடி எடுக்க வேண்டியிருந்தது. “அப்டேட் செக் செய்தேன், புதிதாக ஒன்றும் இல்லை” என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தத் தீர்வு கண்ணிலேயே படவில்லை. எனவே லாக்கைப் பார்த்த கையோடு மைக்ரோசாஃப்டின் ரிலீஸ் ஹெல்த் பக்கத்தில் உங்கள் சர்வர் பதிப்புக்கான தெரிந்த கோளாறுகள் பட்டியலைப் பாருங்கள். டொமைன் கன்ட்ரோலர் என்றால் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் அதில் இது முதல் தடவை இல்லை. 2022 ஜனவரியில் டொமைன் கன்ட்ரோலர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. அந்த ஆண்டு நவம்பரில் இதே எல்சாஸ் மெமரி லீக் வேறொரு காரணத்தால் வந்தது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. வெர்ச்சுவல் மெஷின்தானே, பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு பதிவு செய்து வைத்த நிலைக்கு) திரும்பிவிடலாம் என்று கை போகும். டொமைன் கன்ட்ரோலரில் அதைக் கடைசி வழியாக வையுங்கள். சர்வர் 2012 முதல், வெர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசரும் ஒத்துழைத்தால், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியதை ஆக்டிவ் டைரக்டரி (டொமைனின் பயனர், கணினி விவரங்களை வைத்திருப்பது) கண்டுகொள்ளும் பாதுகாப்பு இருக்கிறது. இருந்தும் அதை நம்பி ரிப்ளிகேஷனோடு (டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் தகவலைப் பகிர்வதோடு) விளையாட வேண்டாம். உங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர். அது எனக்கு இந்த அப்டேட்டை விடப் பெரிய கவலை. இரண்டு இருந்திருந்தால், சரியான தீர்வு வரும்வரை ராத்திரியில் ஒன்றை மாற்றி ஒன்று ரீஸ்டார்ட் செய்து மெமரியைக் காலி செய்துகொண்டே ஓட்டியிருக்கலாம்.

ஃபைல் சர்வரின் நீலத்திரைக்கு வருவோம். டம்ப்பைப் படிக்கும் விண்டிபக் கருவியை வேறொரு கணினியில் போட்டு, காப்பி எடுத்த டம்ப்பைத் திறந்து அனலைஸ் கட்டளையைக் கொடுங்கள். முடிவில் மாட்யூல் பெயர் ‘என்டி’ என்று வந்தால் உடனே “பாருங்கள், விண்டோஸ் கெர்னல்தான்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேறொரு டிரைவர் மெமரியைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும், அதில் போய் இடறி விழுந்தது கெர்னலாக இருக்கும். கீழே இருக்கும் ஸ்டாக்கை (விழும் நேரத்தில் எது எதை அழைத்தது என்ற பட்டியலை) வரிவரியாகப் படியுங்கள். ஃபைல் சர்வர் என்றால், ஃபைல் கோரிக்கைகளை இடையில் பார்க்கும் ஃபில்டர் டிரைவர்களை நடத்தும் ஃபில்டர் மேனேஜர் என்ற வரிக்கு மேலும் கீழும் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமில்லாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆன்டிவைரஸ், பேக்கப், ஃபைல் ஆடிட் மென்பொருள்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும். எந்தெந்த ஃபில்டர்கள் ஓடுகின்றன என்று எஃப்எல்டிஎம்சி கட்டளை பட்டியல் போட்டுக் காட்டும். ஆன்டிவைரஸை மாற்றி வருஷக்கணக்கான பிறகும் பழையதின் ஃபில்டர் அங்கே ஓடிக்கொண்டிருப்பது அபூர்வமே இல்லை.

அப்டேட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சில டிரைவர்கள் கெர்னலின் உள்ளமைப்பு இப்படித்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. அப்டேட் அந்த உள்ளமைப்பை மாற்றினால் அவை விழும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகளுக்கான அப்டேட் வந்தபோது, சில ஆன்டிவைரஸ்கள் கெர்னல் மெமரியை அனுமதியில்லாத வழியில் தொட்டு நீலத்திரையை வரவழைத்தன. அதனால், எங்கள் மென்பொருள் ஒத்துப்போகும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனம் ரெஜிஸ்ட்ரியில் ஒரு கீ எழுதி வைத்தால்தான் அந்த அப்டேட் அந்தக் கணினிக்கு வரும் என்று மைக்ரோசாஃப்ட் விதி வைத்தது.

இன்னொரு வகை இதைவிடச் சாதாரணம், ஆனால் ஆளைக் குழப்பும். நான் பார்த்த ஒரு ஃபைல் சர்வரில் அப்டேட் போட்ட இரவே டி1 நீலத்திரை. அப்டேட்டை நீக்கியும் மறுபடி நீலத்திரை. டம்ப்பில் இருந்தது பேக்கப் ஏஜென்ட்டின் டிரைவர். அந்த ஏஜென்ட்டை சில வாரங்களுக்கு முன்பே புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தார்கள், ரீஸ்டார்ட் தேவை என்று அது கேட்டதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்திருந்தார்கள். புதிய டிரைவர் முதன்முதலில் ஏறியதே அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்தபோதுதான். அப்டேட் அங்கே செய்த ஒரே காரியம் சர்வரை ரீஸ்டார்ட் செய்தது. அதனால் ‘இந்த மாதம் அப்டேட் போட்டோம்’ என்பதோடு நிறுத்தாமல், கடைசியாக சர்வர் எப்போது ரீஸ்டார்ட் ஆனது, அன்றிலிருந்து என்னவெல்லாம் மாறியது என்று பட்டியல் எடுங்கள். மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் ஆகாத சர்வரில் அந்தப் பட்டியல் நீளமாகவே இருக்கும்.

விண்டோஸ் அப்டேட்டே இல்லாமலும் இதே நடக்கும் என்பதற்கு 2024 ஜூலை 19 போதும். பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் 291 என்ற எண்ணுள்ள சேனல் ஃபைல் (அந்த மென்பொருளுக்கு அனுப்பப்படும் தரவுக் கோப்பு) ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை விழவைத்தது. விண்டோஸ் அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழித்தால் போதும், ஆனால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் என்க்ரிப்ஷன்) போட்ட கணினிகளில் ரெக்கவரி கீ கேட்டது. கீயை ஆக்டிவ் டைரக்டரியில் மட்டும் வைத்திருந்து, டொமைன் கன்ட்ரோலரும் விழுந்து கிடந்தால் என்ன கதி என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கீகளை இன்றே வேறொரு இடத்திலும் எடுத்து வையுங்கள்.

பக்செக் கோடு ஹெக்ஸில் 124 (41-இல் தசமமாக 292) என்று வந்தால் மென்பொருளை விட்டுவிட்டு ஹார்டுவேரைப் பாருங்கள். ஐடிராக் அல்லது ஐஎல்ஓவில் (டெல், எச்பி சர்வர்களின் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதிகள்) லாகின் செய்தால் மெமரி, பிராசஸர் பிழைகள் நேரத்தோடு பதிவாகியிருக்கும். ஹெக்ஸில் 7பி (தசமத்தில் 123) என்றால் பூட் டிஸ்க்கையே அடைய முடியவில்லை, ஸ்டோரேஜ் டிரைவர் பக்கம் போங்கள். வெர்ச்சுவல் மெஷின் என்றால் ஹைப்பர்வைசரின் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் கேபி5022842 போட்ட சர்வர் 2022 மெஷின்கள், செக்யூர் பூட் (கையொப்பம் சரியாக உள்ள மென்பொருளை மட்டும் பூட் செய்யும் வசதி) இயக்கத்தில் இருந்தால், விஎம்வேரின் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐ 7-இல் பூட் ஆக மறுத்தன. அங்கே அப்டேட்டை நீக்கியும் பயனில்லை. ஹோஸ்ட்டை 7.0 அப்டேட் 3கே-க்கு ஏற்றியதும் எழுந்துகொண்டன.

இவ்வளவுக்கும் பிறகு நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், சர்வர் 2019-இல் வூசா (அப்டேட்டைப் போடவும் நீக்கவும் உள்ள கட்டளை) வழியாக முயன்று “முடியாது” என்ற பதில் வந்தால் பயப்படாதீர்கள். சர்வீசிங் ஸ்டாக்கும் (அப்டேட்களை நிறுவும் பகுதி) குமுலேட்டிவ் அப்டேட்டும் ஒரே பொட்டலமாக வருகின்றன, சர்வீசிங் ஸ்டாக்கை நீக்க முடியாது. விண்டோஸோடு வரும் டிஸ்ம் கருவியில் பேக்கேஜ்களைப் பட்டியலிட்டு, குமுலேட்டிவ் பேக்கேஜின் முழுப்பெயரைக் கொடுத்து நீக்க வேண்டும். விண்டோஸ் பூட்டே ஆகாவிட்டால் இதையே ரெக்கவரி சூழலிலிருந்து ஆஃப்லைனாகச் செய்யலாம். அப்டேட் பாதியில் நின்றிருந்தால் ரிவர்ட் பெண்டிங் ஆக்ஷன்ஸ் என்ற டிஸ்ம் வசதி அந்தப் பாதி வேலையைத் திருப்பி எடுக்கும். ஒன்று கவனியுங்கள்: ரெக்கவரி சூழலில் விண்டோஸ் இருக்கும் டிரைவ் எப்போதும் சி-யாக இருக்காது. டி என்றோ ஈ என்றோ மாறியிருக்கும். எது என்று பார்த்துவிட்டுக் கட்டளை கொடுங்கள்.

லினக்ஸ் சர்வருக்கு முதல் கேள்வி, கிரப் மெனு (எந்தக் கெர்னலில் பூட் செய்வது என்று கேட்கும் திரை) வருகிறதா இல்லையா? வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் எழுந்துவிட்டால் பிரச்சினை புதிய கெர்னலிலோ அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலோ (பூட் ஆகும்போது கெர்னல் முதலில் ஏற்றும் சிறு ஃபைல்சிஸ்டம்) இருக்கிறது. இங்கே நான் முதலில் பார்ப்பது பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா என்று. பழைய கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது நூறு சதவீதம் நிரம்பியிருக்கும், புதிய இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றிருக்கும், பூட் ஆகும்போது ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்னோன் பிளாக் 0,0 என்று சொல்லி கெர்னல் பேனிக் ஆகும். அந்தக் கடைசி வரியைப் பார்த்தால் டிஸ்க் போய்விட்டதோ என்று பதறத் தோன்றும். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பழைய கெர்னலில் பூட் செய்து, இப்போது ஓடும் கெர்னலையும் அதற்கு முந்தைய ஒன்றையும் புதியதையும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கி, புதியதற்கு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள்.

இடமெல்லாம் சரியாக இருந்தும் புதிய கெர்னல் மட்டும் பேனிக் ஆனால், பேனிக் செய்தியில் டெயின்டட் என்ற வரியைப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் ஓ என்ற எழுத்து இருந்தால் வெளியிலிருந்து வந்த மாட்யூல் ஏதோ ஏறியிருக்கிறது, மேலே சொன்ன ஃபில்டர் டிரைவர் கதைதான் இங்கேயும். கெர்னலே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. 2018 ஜனவரியில் உபுண்டு 16.04-க்கு வந்த 4.4.0-108 கெர்னல் பல கணினிகளில் பூட் ஆகவில்லை. பழைய கெர்னலில் எழுந்து, உடனே வந்த 109-ஐப் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

கிரப் மெனுவே வரவில்லை என்றால் பழைய கெர்னல் உதவாது. 2020 ஜூலை கடைசியில் கிரப்பில் இருந்த பூட்ஹோல் என்ற ஓட்டைக்கு ரெட்ஹேட் வெளியிட்ட அப்டேட்டில் ஷிம் பேக்கேஜ் (செக்யூர் பூட்டில் கிரப்புக்கு முன் ஓடும் சிறு நிரல்) கெட்டிருந்தது. ரெட்ஹேட், சென்ட்ஓஎஸ் சர்வர்கள் பல, கெர்னலுக்கு வருவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டன. ரெஸ்க்யூ மீடியாவில் பூட் செய்து, சீஎச்ரூட் கட்டளை போட்டு டிஸ்க்கில் இருக்கும் லினக்ஸுக்குள்ளே போய், ஷிம்மைப் பழைய பதிப்புக்கு இறக்க வேண்டியிருந்தது. உங்கள் உபுண்டுவிலும் மெனு வராவிட்டால் வழி இதுவேதான். உள்ளே போனதும் ஏபிடியின் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) ஹிஸ்டரி லாக்கைத் திறந்து, கடைசி நாளில் என்னென்ன மாறின என்று பாருங்கள். கிரப், ஷிம் இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு.

சர்வர் விழாமல், ஓடிக்கொண்டே உபயோகமில்லாமல் போவதும் உண்டு, லினக்ஸில் குறிப்பாக. 2022 ஆகஸ்டில் உபுண்டு 18.04-க்கு வந்த சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் அடிப்படை நிரல்) அப்டேட், மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் இருந்த மெஷின்களின் டிஎன்எஸ்ஸை அறுத்தது. 2023 மார்ச் 8 அன்று சர்வர் கண்காணிப்பு நிறுவனமான டேட்டாடாகின் சர்வர்களில் தானியங்கி அப்டேட் சிஸ்டம்டியை மாற்ற, அதன் நெட்வொர்க் பகுதியான நெட்வொர்க்டி ரீஸ்டார்ட் ஆகி நெட்வொர்க் ரூட்டுகளை (பாதைகளை) அழித்துவிட்டது. யாரும் எதையும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. உங்கள் உபுண்டுவில் தானாக அப்டேட் போடும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இயங்கினால் ‘நாங்கள் அப்டேட் போட்ட நாள்’ என்று நீங்கள் நினைப்பதும், நிஜமாகப் போடப்பட்ட நாளும் வேறாக இருக்கலாம்.

அடுத்த மாதத்துக்கு ஒரு யோசனை. மைக்ரோசாஃப்டின் மாத அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகிறது, இந்திய நேரப்படி அன்று இரவு பத்தரை அல்லது பதினொன்றரைக்கு. அன்றே டொமைன் கன்ட்ரோலரில் போட வேண்டியதில்லை. முக்கியமில்லாத ஒரு சர்வரில் முதலில் போட்டு, சில நாள் ஓடவிட்டு, அதற்குள் ரிலீஸ் ஹெல்த் பக்கத்தில் என்ன சேர்கிறது என்று பாருங்கள். இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்திருக்கும் சர்வருக்கு மட்டும் இந்தத் தாமதம் பொருந்தாது. அப்டேட்டுக்கு முந்தின நாளே சர்வரைச் சும்மா ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதும் நல்லது. அதில் விழுந்தால் அப்டேட் மேல் சந்தேகப்பட வேண்டியதே இல்லை.

இப்போதைக்கு ஃபைல் சர்வரின் 41-இல் இருக்கும் பக்செக் கோடு, டொமைன் கன்ட்ரோலரில் 1015 இருக்கிறதா, லினக்ஸ் திரையில் கடைசியாக நிற்கும் வரி, இந்த மூன்றையும் எழுதுங்கள். திரையை ஃபோனில் படம் எடுத்தாலும் போதும், ஆனால் கடைசி வரி மட்டுமின்றி மேலே இருப்பதும் தெரியும்படி எடுங்கள்.